கரட்டைச் சுற்றிப் போன இணையம்

தோட்டத்து வீட்டுக்கு இணையம் கொண்டுபோக இரண்டு மாதம் ஆகிவிட்டது, அதில் உண்மையான வேலை நாலு நாள்கூட இருக்காது. தேனிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலிருந்து தோட்டம் நேர்கோட்டில் 4 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. "15 கிலோமீட்டர் தாங்கும் சார்" என்று கடைக்காரர் தந்த இரண்டு ரேடியோவும் (கம்பியில்லாமல் இணையத்தை எதிர்முனைக்கு அனுப்பும் டிஷ் வைத்த கருவி) ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக்குத்தான், இவை பேசும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பாறையைத் துளைத்துக்கொண்டு போகாது.

சரி, கரட்டுக்கு ஒதுங்கி நிற்கும் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் சிக்னலை வாங்கி மறுபக்கம் அனுப்பும் ரிலே வைக்கலாம் என்று மனுவோடு போனேன். வரைபடம் கேட்டார்கள். வரைபடத்தோடு போனால் தலைவர் வரட்டும் என்றார்கள். மூன்றாம் முறை மனுவையே காணோம். கடைசியில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியிலிருந்தே இரண்டு பக்கமும் தெரிந்தது. "இதுக்கா மூணு வாரம் அலைஞ்ச?" என்றார்.

இன்னும் இரண்டு ரேடியோ வாங்கினேன். செட்டிங்கில் சிக்கல் இல்லை, மாடியில் இருக்கும் இரண்டுக்கும் சேனலை (அலைவரிசையை) மட்டும் தள்ளித் தள்ளி வையுங்கள். வீட்டுப் பக்கம் 2.5 கிலோமீட்டருக்குக் கணக்குப்படி மைனஸ் 50 dBm வர வேண்டிய சிக்னல் மைனஸ் 72லேயே நின்றது (பூஜ்யத்துக்குக் கிட்ட இருந்தால்தான் நல்லது). அரை நாள் கேபிளைத் திட்டினேன். பார்த்தால், டிஷ்ஷின் நடுக்கதிரை விட்டு, பக்கவாட்டில் கசியும் பலவீனமான ஓரக்கதிரைப் பிடித்துக்கொண்டு அதுதான் உச்சம் என்று போல்ட்டை முறுக்கியிருக்கிறேன்! சிக்னல் ஏறி இறங்கினாலும் நிறுத்தாதீர்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள், அப்புறம் மேலும் கீழும்.

தோட்டத்துப் பக்கம் 2 கிலோமீட்டர், முதல் நாளே ஓடியது. பங்குனியில் மொட்டையாக நின்ற நடுவழி வாகை வைகாசியில் தழைத்ததும் இணைப்பு படுத்துவிட்டது. உச்சிக்கு மேலே எதிர்மாடி கண்ணுக்குத் தெரிகிறதே என்று நினைத்தேன், அது போதாது. இந்தத் தூரத்துக்கு நடுவில் பார்வைக்கோட்டைச் சுற்றி 5 மீட்டர் ஆரத்தில் பாதிக்கு மேலாவது காலியாக இருக்க வேண்டுமாம். மரத்தை வெட்ட மனசில்லை. இரண்டு முனையிலும் ரேடியோ நிற்கும் குழாயைப் பத்தடி உயர்த்தி, ஆடாமல் இருக்க ஸ்டே கம்பி கட்டினேன், மைனஸ் 54க்கு வந்தது.

மாடி வாடகையாகச் சித்தப்பா வீட்டுக்கும் வைஃபை. இப்போது கரண்ட் போனாலும் எனக்குத்தான் போன் அடிக்கிறார்.