ராமேசுவரம் கிளைப்பாதையாக இருந்தபோது

எழுபதுகளில் பாம்பனிலிருந்து சீசன் டிக்கெட்டில் ரயிலேறி நம் பள்ளிக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கப்பா ஊர்ப் பெயரைத் தனியாகச் சொல்லவே மாட்டார். 'பாம்பன் ஜங்ஷன்' என்பார். இருப்பதே ஒரு தண்டவாளம், இதில் என்ன ஜங்ஷன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அந்தக் காலத்துல சாமி கும்பிட வர்றவன் கிளைப்பாதையில ராமேசுவரம் போவான்டா. கொழும்புக்குப் போறவன்தான் மெயின் லைன்ல தனுஷ்கோடி போவான்" என்றார். அப்பா தனுஷ்கோடியில் போர்ட்டராக இருந்தவர்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் ரயில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு நேராக வந்தது. பயணிகள் அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போவார்கள். இர்வின், கோஷன் என்ற கப்பல்களை அப்பா வீட்டு மாடுகளைப்போல் பெயர் சொல்லித்தான் பேசுவார்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் 653-ஆம் எண் பாசஞ்சர், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலோடு போனது. அன்று அப்பாவுக்கு முறை இல்லை. அதற்குமேல் அவர் சொன்னதில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடித் தண்டவாளத்தைத் திரும்பப் போடவில்லை. தலைமன்னார்க் கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி, 1984 வரை ஓடியது.

ஒன்பதாம் வகுப்பில் பூகோள சார் எங்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனார். இப்போதுபோல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை கிடையாது. மூன்றாம் சத்திரம் தாண்டினால் மணல்தான். ஒருபக்கம் அலையடங்கிய பெண் கடல் (வங்கக் கடல்), மறுபக்கம் அலையடிக்கும் ஆண் கடல் (மன்னார் வளைகுடா). கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் குடித்தோம். ஸ்டேஷனில் கூரையில்லாத முருகைக்கல் சுவர்கள் நின்றன. தொட்டால் சொரசொரவென்று, பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளத்தின் துளைகள்.

கூட்டாளிகளிடம் காட்டுவதற்காக, அப்பாவின் பித்தளைப் போர்ட்டர் வில்லையைக் கேட்காமல் எடுத்துப்போயிருந்தேன். கைமாறிக் கைமாறி, அது மணலில் எங்கோ விழுந்துவிட்டது. (கடைசியாக வாங்கியவர் இந்தப் பள்ளி மலரைப் படிப்பார். பெயர் சொல்லவில்லை.)

அப்பா அடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சல்லடையோடு கிளம்பினார். இருட்டிய பிறகு வந்தார். வில்லை கிடைக்கவில்லை, கையில் துருப்பிடித்த தண்டவாள ஆணி ஒன்று இருந்தது. கொல்லையில் அதை அடித்து, ரொம்ப வருஷம் ஆட்டை அதில்தான் கட்டினோம்.