லெவல் 1 ராக்கெட் தேர்வு: முதலில் மோட்டாரைக் கோத்துப் பழகுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்திலிருந்து எம்.எஸ். படிக்க அமெரிக்கா போய், அங்கே கல்லூரி ராக்கெட் குழுவில் சேரும் பிள்ளைகள் "லெவல் 1-க்கு என்ன படிக்கணும் அண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். லெவல் 1 என்பது பெரிய மோட்டார் ராக்கெட்டுகளை ஏவுவதற்கான முதல் நிலைச் சான்றிதழ். அதை அங்கே என்.ஏ.ஆர்., டிரிபோலி என்ற இரண்டு ராக்கெட் ஆர்வலர் அமைப்புகள் தருகின்றன. லெவல் 1-க்கு இரண்டிலுமே எழுத்துத் தேர்வு கிடையாது. ஹெச் அல்லது ஐ வகை (மோட்டாரின் வலிமையைக் குறிக்கும் எழுத்து) மோட்டாரில் ராக்கெட்டை ஏவி, சேதமில்லாமல் இறக்கிக் காட்டினால் போதும். பலர் கோட்டை விடும் இடம், மோட்டாரைக் கோக்கும் மேசைதான்.

திரும்ப நிரப்பிப் பயன்படுத்தும் மோட்டாரில் அலுமினியக் கேசிங்கும் (வெளிக்குழாய்) இரண்டு மூடிகளும் திரும்பத் திரும்பப் பயன்படும். எரிபொருள் துண்டுகள், லைனர் (உள்ளுறை), நாசில் (வாயு பீறிடும் வாய்), ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), டிலே (மெதுவாக எரியும் தாமதத் துண்டு), கருமருந்து (பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்து) எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொட்டலத்தில் வரும். கூடவே ஒரு தாள் இருக்கும். அதை வரிவரியாகப் படித்தபடியே கோத்து வாருங்கள். யூடியூப் பார்த்துக் கோக்க வேண்டாம்.

போன விடுமுறையில் மன்னார்குடி வந்தபோது, மருந்தே காணாத புதுக் கேசிங்கை வைத்துச் சித்தப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பம்ப்செட் மெக்கானிக்கான மாமா பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஓ-ரிங்கில் கிரீஸை அள்ளி அப்பியதும், "டேய், ரப்பர் மினுங்கினா போதும்டா. முறுக்கிக்காம உக்காருதான்னு பாரு" என்றார். ராக்கெட் பார்க்காத மனிதர், சொன்னது அச்சு அசலாகச் சரி. ஓ-ரிங்கில் கீறலோ மண்துகளோ இருந்தால் சூடான வாயு அந்த வழியாகக் கிழித்துக்கொண்டு வரும், கேசிங் போய்விடும். டிலேயின் எரியும் முகத்தில் மட்டும் கிரீஸ் படவே கூடாது.

டிலேதான் பாராசூட் எப்போது வெளிவரும் என்பதைத் தீர்மானிப்பது. எரிபொருள் தீர்ந்த பிறகும் ராக்கெட் மேலேறும். உச்சியை எட்டும் நேரத்தை ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் கணக்கிட்டு, அதற்குரிய கருவியால் டிலேயைத் துளைத்துக் குறைப்பார்கள். அப்புறம் முன்மூடிக் குழியில் கருமருந்தைக் கொட்டி மூட மறக்காதீர்கள். மறந்தால் பாராசூட் வெளியே வராது.

மோட்டார் பிடிப்பான் இறுக்கமாக இருக்கட்டும். பாதி வழியில் கேசிங் கழன்று விழுந்தால், ராக்கெட் முழுசாக வந்தாலும் தோல்விதான். இக்னைட்டரை (மோட்டாரைப் பற்றவைப்பது) ஏவுதளத்தில்தான் செருக வேண்டும்.

ஊரில் எரிபொருளைத் தயாரித்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அதில் இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட், பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்திலும் அதுதான். வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலையில்லை. காலிக் கேசிங்கும், கடையில் அளவு பார்த்து வாங்கிய ஓ-ரிங்கும் பழகப் போதும்.

எழுத்துத் தேர்வு லெவல் 2-க்குத்தான். அதற்கான கேள்வித் தொகுப்பு வெளிப்படையாகவே கிடைக்கிறது. மோட்டார் பெயரைப் பிரிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: ஹெச்128டபிள்யூ-14 என்றால் ஹெச் என்பது மொத்தக் கணத்தாக்கின் (இம்பல்ஸ்) வகை, 128 சராசரி உந்துவிசை நியூட்டனில், டபிள்யூ எரிபொருள் வகை, 14 டிலே விநாடிகளில். மீதிக் கேள்விகளில் பெரும்பங்கு பாதுகாப்பு விதிகள். அதை மனப்பாடமே செய்துவிடுங்கள்.