ஆண்டு மலர் விற்பனை: எங்கள் பள்ளியில் பலன் தந்தவை

ஆண்டு மலர்க் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முந்தைய மலரின் பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன. அச்சு, தாள், அட்டை எதிலும் குறையில்லை. ஆனால் புரட்டப் புரட்ட ஒரே முகங்கள்தான் வந்தன: பரிசு வாங்கியவர்கள், அணித் தலைவர்கள், மேடை ஏறியவர்கள். மற்ற பிள்ளைகள் வகுப்புக் குழுப் படத்தில் கடுகளவு தெரிந்தார்கள், அவ்வளவுதான். தான் இல்லாத புத்தகத்தை ஒரு பிள்ளை எதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

அதனால் விளம்பரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு பட்டியல் போட்டோம். எல்லா மாணவர் பெயரும் ஒரு பக்கம், அவர்கள் வரும் பக்க எண்கள் எதிரே. குழுப் படம் போக, இன்னும் இரண்டு இடத்திலாவது ஒவ்வொருவரும் வந்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம். எதிரே காலியாக இருந்த பெயர்களைக் குழு மாணவர்கள் தேடிப் போய்ப் பேசினார்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண் நோட்டின் கடைசித் தாள்களில் அருமையாகப் படம் வரைகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு பையன் வீட்டில் பழுதான மின்விசிறிகளைச் சரிசெய்கிறவன். இரண்டு பேருக்கும் அரைப் பக்கம் கிடைத்தது. எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது, போகவும் வேண்டியதுதான்.

பக்கங்கள் முடிவானதும் அந்தப் பட்டியலே விற்பனைக்குக் கைகொடுத்தது. “நீ 14, 37ஆம் பக்கங்களில் இருக்கிறாய்” என்று சிறு சீட்டு எழுதி அவரவர் மேசையில் வைத்தோம். என்ன படம் என்று சொல்லவில்லை. அன்று இடைவேளையிலேயே முன்பதிவு மேசைக்கு முன்னால் கூட்டம். சுவரொட்டியும் ஒட்டினோம், ஆனால் சீட்டு இழுத்த அளவுக்கு அது யாரையும் இழுக்கவில்லை.

அட்டைப்படத்துக்கு மாணவர்கள் வரைந்த மூன்று வடிவங்களை வாக்கெடுப்புக்கு விட்டோம். ஆசிரியர்களின் சிறுவயதுப் படங்களை அவர்கள் சம்மதத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டி, யார் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னோம், விடை மலரில்தான். இது பள்ளி முழுக்கப் பேச்சானது.

விலை விஷயத்தை மாணவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஆஃப்செட் அச்சில் தகடு தயாரிக்கும் செலவு, குறைவாக அச்சிட்டாலும் நிறைய அச்சிட்டாலும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடினால் பிரதிக்கு ஆகும் செலவு குறையும். அதனால் முன்பதிவு செய்தவர்களுக்குக் குறைந்த விலை, பிறகு வருபவர்களுக்கு முழு விலை. கணக்கு புரிந்த பிள்ளைகள் நண்பர்களைத் தாங்களே அழைத்து வந்தார்கள்.

இறுதியாண்டு மாணவர்களின் பெற்றோருக்கு, கட்டணத்தோடு ஒரு சிறு வாழ்த்துக் கட்டம் ஒதுக்கினோம். பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு பழைய படமும் நாலு வரியும் தர வேண்டும். அந்தப் பணத்தில், வாங்க முடியாத மாணவர்களுக்கான பிரதிகளை ஏற்பாடு செய்தோம். அவர்கள் பெயரும் முன்பதிவுப் பட்டியலில் மற்றவர்களைப் போலவே இருந்தது. யாருக்கு இலவசம் என்று குழு மாணவர்களுக்குக்கூடத் தெரியாது. இதில் கவனம் தவறினால் பிள்ளையின் மனம் நொந்துபோகும்.

படம் சேகரிக்கும்போது இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், அச்சில் மங்கித் தெரியும். அதனால் மூலக் கோப்பைத்தான் கேட்டு வாங்கினோம். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்தப் படத்தையும் போடவில்லை. பட்டப்பெயர், கேலி வரி எல்லாவற்றையும் அச்சுக்கு முன் நானே படித்து நீக்கினேன்.

மலர் வந்த அன்று தலைமையாசிரியர் கடைசிப் பாடவேளையை விட்டுக்கொடுத்தார். கையெழுத்துக்கென்று பின்னால் வெற்றுப் பக்கங்கள் விட்டிருந்தோம். ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு, வாங்காமல் இருந்தவர்கள் மறுநாள் பணத்தோடு வந்தார்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் கூடுதலாக அச்சிட்டிருந்தோம். முழு விலைக்கே அவையும் போய்விட்டன.