வால்பாறையில் விலங்கு பார்க்க ஜீப் எதற்கு?

வால்பாறையிலிருந்து திரும்பிய கையோடு எழுதுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ‘யானை, காட்டுமாடு எல்லாம் காட்டுறேன் சார்’ என்று வந்த ஜீப்காரர் 3,000 ரூபாயில் ஆரம்பித்து 2,200க்கு இறங்கினார். காட்டியது என்ன? ஓர் அணை, ஒரு டீத்தூள் கடை, தூரத்துச் சரிவில் முதுகு மட்டும் தெரிந்த காட்டுமாடு. என் பட்ஜெட்டில் பாதி காலி. நல்லமுடி பூஞ்சோலையில் கொஞ்ச நேரம் நிற்பதற்குள் ஹாரன் வேறு! அங்கே போய் யாராவது அவசரப்படுத்துவார்களா? தேயிலை சட்டென்று முடிந்து, காலடியிலேயே பள்ளத்தாக்கு இறங்குகிறது. எதிரே கேரளத்து மலைகள், அவற்றில் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. மேகம் விலகியபோது பாறைகளில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. அரை நாள் உட்கார வேண்டிய இடம்.

இத்தனைக்கும் விலங்கு பார்க்க ஜீப்பே வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் காட்டை வெட்டித் தேயிலை நட்டதில் மிஞ்சியவை துண்டு துண்டான சோலைகள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக விலங்குகள் தோட்டத்தையும் ரோட்டையும் தாண்டியாக வேண்டும். ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சிங்கவால் குரங்குகள்! மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். வண்டியில் அடிபடாமல் இருக்க, ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு ஒரு தாய் அதில் நிதானமாக நடந்து போனது. குட்டி மட்டும் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தது. அங்கேயே காரை நிறுத்திச் சிப்ஸ் நீட்டுகிறார்கள் சிலர். அந்தச் சிப்ஸுக்குத்தானே அவை ரோட்டில் இறங்கி அடிபடுகின்றன? தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் இருவாச்சிப் பறவை. முதலில் சத்தம்தான், பழைய நீராவி ரயில் போல ‘புஸ், புஸ்’ என்று இறக்கை வீச்சு. அத்திமரத்தில் வந்து உட்கார்ந்து, பழத்தை அலகு நுனியில் உருட்டி, மேலே தூக்கிப்போட்டு லபக்கென்று விழுங்கியது. பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் மாதங்களில் சேவல்தான் தீனி கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பெரிய மரம் போனால் பொந்தும் போச்சு, குடும்பமும் போச்சு.

இருட்டிய பிறகு மட்டும் தோட்டத்து ரோட்டில் நடக்காதீர்கள். பக்கத்தில் யானை நின்றால் எச்சரிக்க ஆங்காங்கே உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள்.

பொள்ளாச்சிக்கு அரசு பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து இறங்குங்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் ஆழியாறு அணை கீழே விரிய, தடுப்புச் சுவர்மேல் வரையாடு ஒன்று சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.