பனையான்

போன மாரியில் ஒரு விடியக்காலை, கிட்டங்கித் தாம்போதியால் கல்முனைக்கு வந்துகொண்டிருந்தேன். இரவு முழுக்க மழை. தண்ணீர் இன்னும் றோட்டை மூடவில்லை. ஆற்றுவாழை மட்டும் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் தாரில் ஏதோ துடிக்கிறது. தவளையாக்கும் என்று மோட்டார் சைக்கிளை வெட்டி நிறுத்தினால், பனையான் மீன்.

உள்ளங்கை நீளம்தான். செவுள்மூடியை விரித்து, ஓரத்து முள்ளைத் தாரில் ஊன்றி, வாலால் ஒரு உந்து. சரியும், திரும்ப ஊன்றும். ஒரு முழம் போவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

"மழத்தண்ணி பனையால வடியக்குள்ள அதுல ஏறும் மனே" என்பார் பெத்தப்பா. கண்டீங்களா என்று கேட்டால், கண்டவன் சொன்னான் என்பார். அவரை மட்டும் சிரிக்க முடியாது. தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ப் என்ற டேனிஷ்காரர், 1791இல் தண்ணீருக்கு ஐந்தடி மேலே, பனைமரப் பட்டை வெடிப்பில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதியிருக்கிறார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அச்சாகியும் இருக்கிறது. காகமோ பருந்தோ தூக்கிப்போய் வைத்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் காகத்தில்தான் சந்தேகம். பெத்தப்பா இருந்தால் இதை எழுதமாட்டேன்.

சின்ன வயதில் வாய்க்காலில் கரப்புப் போட்டுப் பிடித்த ஒன்றை ஹோர்லிக்ஸ் போத்தலில் விட்டேன். தண்ணீர் குறைந்தால் செத்துவிடும் என்று விளிம்புவரை நிரப்பி, மூடியையும் இறுக்கினேன். விடிய மல்லாந்து கிடந்தது. பெத்தப்பா போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள தாட்டுக் கொன்டுட்டாயே!"

செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றைக் குடித்து அதில்தான் தேக்கும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. வயல் வட்டையில் தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் கிடந்து பிழைப்பது அதனால்தான். இங்கினியாகலையில் அணை கட்டி ஆற்றை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்த பிறகும் (பெத்தப்பாவுக்குக் கல்லோயா கடைசிவரை பட்டிப்பளை ஆறுதான்) இது வரம்பேறி வரம்பேறி வயலுக்குள் வந்தது. மண் வரம்பில் முள் பிடிக்கும். எங்கள் வாய்க்காலுக்கு இப்போது கொங்கிறீட்டுச் சுவர். அதில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

தாம்போதியில் கிடந்ததைக் கைலேஞ்சியால் பொத்தித் தூக்கி, அது போன பக்கமே விட்டேன். பெருவிரலைக் கிழித்துவிட்டுத்தான் போனது. வீட்டில் சொன்னால், "இன்னும் ரெண்டு பாத்துப் பொறுக்கியிருந்தா புளியாணம் வெச்சிருக்கலாமே" என்கிறா.