தரையைத் தொடாத கேபினட்

நேற்று சாயங்காலம் கீழ்த்தள பாத்ரூமில் வாஷ்பேசினுக்குக் கீழே வரும் கேபினட்டின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினேன். 3 அடி அகலம், 18 அங்குல ஆழம், 20 அங்குல உயரம். திருமுல்லைவாயலில் எங்கள் வீட்டு வேலை ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. மற்ற எல்லாம் மேஸ்திரியும் ஆசாரியும் செய்தது. இந்த ஒரு வேலையை மட்டும் நான்தான் செய்வேன் என்று அஸ்திவாரம் தோண்டும்போதே வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

1988-ல் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். அதில் பாதிக் காலம் ரயில் பெட்டியின் இரண்டு முனையிலும் இருக்கும் கழிவறைப் பக்கத்தில்தான் போனது. பார்ட்டிஷன் போர்டு, தரைப் பலகை, வாஷ்பேசின், கண்ணாடி, குழாய் எல்லாம் பொருத்துவது எங்கள் வேலை. நாங்கள் பளபளவென்று அனுப்பி வைத்த பெட்டிகள் பல வருஷம் ஓடிவிட்டு பி.ஓ.எச். என்கிற முழுப் பராமரிப்பு வேலைக்கு வரும். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் தரையைப் பிரிக்கும்போது இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். பெட்டியின் நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். கழிவறைக்குப் பக்கத்தில் மட்டும் இரும்புத் தகடு அரித்து, சுத்தியால் தட்டினால் உதிரும். அதிலும் முதலில் போவது குழாய் இறங்கும் ஓட்டையைச் சுற்றித்தான். தண்ணீர் மேலே கொட்டி மரத்தையோ இரும்பையோ கெடுப்பது குறைவு. வெட்டிய விளிம்பில் ஏறி, உள்ளேயே தங்கித்தான் கெடுக்கும். 2018 ஜனவரியில் பழைய மாடல் பெட்டியின் கடைசி ஒன்று எங்கள் ஃபேக்டரியை விட்டுப் போனது. அந்தப் பெட்டிகள் கற்றுக்கொடுத்த இந்தப் பாடம் மட்டும் என்னோடு இருக்கிறது.

போரூரில் மகள் வாங்கிய ஃப்ளாட்டில் பில்டரே பேசினுக்குக் கீழே ஒரு கேபினட் வைத்துக் கொடுத்திருந்தார். பார்க்க அழகு. தரையில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பலகை டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. பார்ட்டிகிள் போர்டு. மேலே ஒட்டிய ஷீட் அப்படியே இருக்க, உள்ளே தூள். குழந்தை கதவைப் பிடித்து இழுத்ததில் கீல் கையோடு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நம் வீட்டு கேபினட் தரையைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் மாமியார் எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு விடியற்காலை பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. அவர் கதவுக்குப் பின்னாலேயே விழுந்து கிடந்ததால் தள்ளித் திறக்க முடியவில்லை. கீலைக் கழற்றி எடுக்க எனக்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் உள்ளேயிருந்து அவர் முனகிக்கொண்டிருந்தது இப்போதும் காதில் இருக்கிறது. இந்த வீட்டில் இரண்டு பாத்ரூம் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். க்ளோசெட் பக்கத்தில் கைப்பிடி ராடு. என் வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், குனிந்து எடுக்க முடியாது. நாளைக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முகம் கழுவ வேண்டி வந்தால் காலை நீட்ட பேசினுக்குக் கீழே இடம் வேண்டும். தரையிலிருந்து கல்லின் மேல்மட்டம் 33 அங்குலம். அதில் முக்கால் அங்குலம் கிரானைட், 20 அங்குலம் கேபினட் பெட்டி. கீழே 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வெற்றிடம். துடைப்பமும் போகும், காலும் போகும்.

பலகை வாங்க சைடன்ஹாம்ஸ் ரோடு போனேன். கடைக்காரர் டபிள்யூ.பி.சி. போர்டைத்தான் காட்டினார், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்வது. தண்ணீரே குடிக்காது, கரையான் தொடாது, உண்மைதான். ஆனால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பலம் அதில் குறைவு. தொங்கப்போகும் பெட்டிக்கு எனக்கு அதில் மனசு வரவில்லை. ஐ.எஸ். 710 என்கிற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கினேன், 19 மில்லி, சதுர அடி 125 ரூபாய், எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்று 4,000 ரூபாய். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுக்கும் சோதனை உண்டு. முத்திரையை மட்டும் நம்பாமல் நானும் ஒன்று செய்தேன். ஷீட்டின் ஓரத்தில் ஒரு துண்டும், சென்ட்ரிங் வேலையில் மிச்சமான சாதா பிளைவுட்டில் ஒரு துண்டும் வெட்டி, பழைய அலுமினியப் பாத்திரத்தில் மூன்று மணி நேரம் கொதிக்க விட்டேன். அப்புறம் மூன்று நாள் பக்கெட்டில் ஊறட்டும் என்று விட்டேன். சாதா துண்டு பலகை பலகையாகப் பிரிந்துவிட்டது. மரைன் துண்டு வெர்னியரில் வைத்துப் பார்த்தால் அரை மில்லிகூட ஏறவில்லை. பாத்திரத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் போர் தண்ணீர் நல்ல உப்பு. பேசினுக்குத் தண்ணீர் திறந்து மூடும் ஆங்கிள் காக் போட்டு ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டது. அதனால் கீல், ஸ்க்ரூ, ஆங்கர் போல்ட் எல்லாமே 304 ரக எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பெட்டியை அசெம்பிள் செய்து கொண்டுபோய் வைத்துப் பார்த்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. பிளம்பருக்கு வேஸ்ட் பைப் வர வேண்டிய இடத்தைப் பக்கத்துச் சுவரிலிருந்து அளந்து குறித்துக் கொடுத்தவன் நான். செங்கல்லிலிருந்து அளந்துவிட்டேன். பூச்சு, டைல்ஸ் ஒட்டிய கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றரை அங்குலம் சாப்பிட்டுவிட, குழாய் சரியாக நடுப் பலகைக்கு நேராக வந்து நின்றது. சுவரை உடைக்கலாமா என்று பிளம்பர் கேட்டார். ஒட்டி முடித்த டைல்ஸை உடைக்க வேண்டாம், பலகையை வெட்டலாம் என்றேன். நடுப் பலகையின் பின்பக்கத்தில் மூன்று அங்குலத்துக்கு லாடம் மாதிரி வெட்டினேன்.

இந்த வேலையில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது அந்த வெட்டில்தான். முன்பக்கத்துக்கு எல்லோரும் மைக்கா ஒட்டுவார்கள், ஓரத்துக்கு எட்ஜ் பேண்ட் ஓட்டுவார்கள். பின்னால் குழாய்க்குப் போட்ட ஓட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கை வைத்துத் தடவினால் பிளைவுட்டின் அடுக்குகள் சொரசொரவென்று திறந்தே கிடக்கும், பேசினுக்கு அடியில் மாட்டும் பாட்டில் ட்ராப்பில் ஒரு சொட்டு கசிந்தால் நேராக அதில்தான் இறங்கும். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அரால்டைட் பசையைக் கலந்து, ஐஸ் குச்சியால் ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் அழுத்தி நிரப்பினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு இடத்தில் உறிஞ்சிக்கொண்டு குழி விழுந்திருந்தது. திரும்ப ஒரு பூச்சு. மூன்றாம் நாள் நகத்தால் வழித்தால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. அப்புறம்தான் அதைச் சுவர் பக்கம் கொண்டுபோனேன்.

கிரானைட்டும் பேசினும் சேர்ந்து முப்பது கிலோ இருக்கும். அந்தப் பாரத்தைப் பெட்டி தலையில் ஏற்றவில்லை. ஒன்பது அங்குலச் சுவரில் இரண்டு எஸ்.எஸ். ஆங்கிள் அடித்து, கல் அதன் மேல். பெட்டி தனியாகச் சுவரில் தொங்குகிறது. டைல்ஸில் ஓட்டை போட மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் குறித்து, டிரில்லில் டைல் பிட் மாட்டி, ஹாமர் அடியை நிறுத்திவிட்டு மெதுவாக விட வேண்டும். ஆசாரியின் மகன், பத்தொன்பது வயசுப் பையன், கூட நின்று பிட் மேல் தண்ணீர் சொட்டவிட்டான். டைல்ஸைத் தாண்டிச் செங்கல் தட்டுப்பட்டதும்தான் ஹாமர். ப்ளக் அடிக்கும் முன் ஒவ்வொரு ஓட்டையிலும் சிலிக்கான் பிழிந்தேன். “எதுக்கு சார், உள்ள யாரு பாக்கப் போறா?” என்று கேட்டான். “தண்ணி பாக்கும்ப்பா” என்றேன். அதற்கப்புறம் நான் சொல்லாமலே மீதி ஓட்டைகளுக்கு அவனே பிழிந்தான்.

பெட்டியை ஏற்றி ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. வாசலில் நின்று பார்த்த வீட்டுக்காரம்மா, “ஏங்க, வலது பக்கம் தூக்கிட்டு இருக்கே” என்றார். அவர் கண்ணில் பட்டது உண்மைதான். டைல்ஸின் க்ரௌட் கோடு மூன்றடிக்குள் நாலு மில்லி இறங்கியிருந்தது. அந்தக் கோட்டின் பக்கத்தில் நேரான பெட்டி கோணலாகத் தெரிகிறது. கோட்டுக்கு ஏற்றபடி பெட்டியைச் சாய்த்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். ஆனால் கதவு தானாகத் திறக்கும், கல்லின் மேல் விழும் தண்ணீர் ஒரே மூலைக்கு ஓடும். ஒரு ராத்திரி யோசித்தேன். பெட்டியை மட்டத்திலேயே விட்டு, கல்லுக்கு மேலே சுவரோரம் மூன்று அங்குல கிரானைட் பட்டி ஒட்டினேன். கோடு பட்டிக்குப் பின்னால் போய்விட்டது. வீட்டுக்காரம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, “இப்ப சரியா இருக்கு” என்றார்.

மேலே வைக்கும் கண்ணாடி அலமாரிக்கு அளவை டேப்பால் எடுக்கவில்லை. அவரை வெறுங்காலோடு நிற்க வைத்து, கையை எட்டும் வரை தூக்காமல், சும்மா எடுக்கிற மாதிரி நீட்டச் சொல்லி, விரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டேன். மேல்தட்டு அந்தக் கோட்டில். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்தேன். கடலைமாவு டப்பா, மஞ்சள், தைலம் எல்லாம் அதில் இடம் பிடித்துவிட்டன. பிரஷர் மாத்திரையையும் அங்கேயே வைக்கிறேன் என்றார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குளிக்கிற ஈரத்தில் மாத்திரை கெட்டுப்போகும், அது ஹாலில்தான்.

இன்று காலையில் இரண்டு பக்கெட் தண்ணீரைத் தரையில் வேகமாக அடித்துவிட்டு, டார்ச் வைத்துப் பெட்டியின் அடியைப் பார்த்தேன். தெறித்த துளிகள் மைக்கா மேல் முத்து முத்தாக நின்றன. துணியால் ஒரு இழுப்பு, போய்விட்டது. பின்னால் கையை விட்டு அந்த லாட வெட்டைத் தடவினேன். காய்ந்து இருந்தது. வீட்டுக்காரம்மா பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காலை உள்ளே நீட்டி முகம் கழுவினார். முட்டி எதிலும் இடிக்கவில்லை.

ஷீட்டில் பாதி மிச்சம் இருக்கிறது. மாடி பாத்ரூமுக்குப் போதும். அங்கே இன்னும் டைல்ஸ் ஒட்டவில்லை, ஒட்டி முடித்த அப்புறம்தான் டேப்பைத் தொடுவேன்.