எஞ்சின் ஒயில்: மாத்துறதுக்கு முதல் பார்க்கப் பழகுவோம்

“நான் 2500க்கு ஒருக்கா ஒயில் மாத்துறன், பிறகென்ன?” இப்படிச் சொல்கிற மோட்டார் சைக்கிள்காரர்கள் மட்டக்களப்பில் ஏராளம். மாற்றுவது நல்லதுதான். ஆனால் அந்த 2500 கிலோமீற்றர் ஓடி முடிவதற்குள் எத்தனை தடவை ஒயில் மட்டம் பார்த்தீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒயில் பழசானால் எஞ்சின் மெல்ல மெல்லத் தேயும். ஒயில் குறைந்தால் ஒரே பயணத்தில் கதை முடிந்துவிடும்.

நம் ஊரில் ஓடும் ஸ்பிளெண்டர், டிஸ்கவர், பல்சர் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு லீற்றர் ஒயில்தான். டியோ மாதிரி ஸ்கூட்டிக்கு அதுகூட இல்லை, ஒயில் மாற்றும்போது 700 மில்லிதான் போகும். காரில் மூன்று நாலு லீற்றர் ஓடும். அதில் 300 மில்லி எரிந்துபோனாலும் மிச்சம் தாங்கும். ஒரு லீற்றரில் 300 மில்லி போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சமிருக்கிற 700 மில்லிதான் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஓடவேண்டும், அதோடு சிலிண்டரின் சூட்டையும் இறக்கவேண்டும். முதலில் அடிவாங்குவது எஞ்சினின் தலைப்பகுதி. ஒயில் ஏறவேண்டிய ஆக உயரமான இடம் அதுதான். அங்கே வால்வைத் திறக்கிற கேம் தேய்ந்து ‘டக் டக்’ என்று சத்தம் வரும். சத்தம் கேட்டபிறகு புது ஒயில் ஊற்றினாலும் தேய்ந்தது திரும்பி வராது.

ஆகவே கிழமைக்கு ஒருநாள், பெற்றோல் அடிக்கிற நாளையே கணக்கு வைத்து, மட்டம் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஆனால் முறையாகப் பார்க்கவேண்டும், பிழையாகப் பார்ப்பது பார்க்காததைவிட மோசம்.

முதலாவது, வண்டி நிற்கிற இடம். நம்முடைய வளவுகள் மணல். ஸ்டாண்ட் ஒரு பக்கம் புதைந்தாலே கணக்குப் பிழைக்கும். விறாந்தையிலோ சீமெந்துத் தரையிலோ நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நடு ஸ்டாண்ட் இல்லாத மொடல் என்றால் வீட்டில் ஒருவரை ஹாண்டிலைப் பிடித்து நேராக வைத்திருக்கச் சொல்லுங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் விடுகிற பிழை. பக்க ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும், ஒயிலும் இடப்பக்கம் போய் நிற்கும். ஆனால் ஒயில் மட்டம் காட்டுகிற கண்ணாடியோ ஒயில் குச்சியோ பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும். பார்த்தால் ஒயில் குறைந்த மாதிரித் தெரியும், பயந்துபோய் இன்னும் 200 மில்லி ஊற்றுவார்கள். அங்கேதான் அடுத்த பிரச்சினை தொடங்குகிறது.

கூடின ஒயிலும் கெடுதிதான். உள்ளே சுற்றுகிற கிராங் தண்டு அதில் அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருக்கும், காற்றுக்கு வழுக்குந்தன்மை கிடையாது. மிஞ்சினது மூச்சுக் குழாய் வழியாக எயார் ஃபில்டர் பெட்டிக்குள் போய் ஃபில்டரை ஊறவைக்கும். சைலன்சரில் வெள்ளைநீலப் புகை வரும், ஒயில் சீல்களில் கசியும், வண்டி இழுவை குறையும். “எஞ்சின் புகைக்குது, ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போச்சு” என்று முடிவுகட்டி எஞ்சினைப் பிரிக்கக் குடுக்க முதல், நேராக நிறுத்தி மட்டம் பாருங்கள்.

இரண்டாவது, நேரம். தூர ஓட்டம் ஓடிவந்து நிறுத்திய கையோடு பார்த்தால் ஒயிலில் ஒரு பகுதி இன்னும் மேலே தலைப்பகுதியில் நிற்கும். விடிய எழும்பியதும் குளிர்ந்த எஞ்சினில் பார்த்தால் வேறு அளவு காட்டும். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல்சர், அப்பாச்சி போன்றவற்றுக்கு வட்டக் கண்ணாடி இருக்கிறது. ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். கண்ணாடி உள்பக்கம் கறுத்துப்போயிருந்தால் ரோர்ச் அடித்து, வண்டியைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தால் ஒயில் அசைவது தெரியும். ஸ்பிளெண்டரிலும் ஹொண்டா வண்டிகளிலும் மூடியோடு சேர்ந்த குச்சி. குச்சியைக் கழற்றி, சீலையால் துடைத்து, திரும்ப வைக்கும்போது மரையைத் திருகக்கூடாது. சும்மா வைத்து எடுக்கவேண்டும். திருகிவிட்டால் குச்சி இன்னும் கீழே இறங்கி, இல்லாத ஒயிலை இருப்பதாகக் காட்டும். எல்லாக் கொம்பனிக்கும் இந்த விதி ஒன்றல்ல. வண்டியோடு வந்த புத்தகத்தில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

மட்டம் குறைந்திருந்தால் 50, 100 மில்லியாக ஊற்றி ஊற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஊற்ற வேண்டியிருக்கிறதென்றால் ஒயில் எங்கேயோ போகிறது. அடியில் கசிவு இல்லையென்றால் எரிகிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் படுவான்கரைப் பக்கம், அம்பாறை வட்டைப் பக்கம் ஓடுகிறவர்கள் எயார் ஃபில்டரையும் சேர்த்துப் பார்க்கவேண்டியது இதனால்தான். நெல்லு வெட்டுகிற காலத்துத் தூசி கிழிந்த ஃபில்டர் வழியாக உள்ளே போனால் சிலிண்டரில் அரத்தூள் மாதிரி வேலைசெய்யும். முதலில் ரிங் தேயும், பிறகு ஒயில் எரியத் தொடங்கும். ஒயிலை மட்டும் மாற்றிக்கொண்டு ஃபில்டரைத் தட்டாமல் விட்டால் காசுதான் வீண்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுத்துப்போவதைப் பார்த்துப் பதறவேண்டாம். கரியையும் அழுக்கையும் தன்னில் பிடித்துவைத்திருப்பது ஒயிலின் வேலை. கவனிக்க வேண்டியவை வேறு. பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பெற்றோல் மணத்தோடு, ஊற்றாமலே மட்டம் கூடியிருந்தால், காபரேட்டரின் ஊசி சரியாக மூடாமல் பெற்றோல் உள்ளே இறங்குகிறது. அந்த ஒயிலோடு ஒரு கிலோமீற்றரும் ஓடக்கூடாது. கண்ணுக்குத் தெரிகிற உலோகத் துண்டு வந்தால் மெக்கானிக்கிடம் காட்டத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில், மார்கழி தை நாட்களில், மூடிக்கு உள்பக்கம் மட்டும் வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஈரம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் எஞ்சின் போதிய அளவு சூடாகாமல் இப்படிப் பிடிக்கும். அரை மணித்தியாலம் ஒரே மூச்சில் ஓடினால் போய்விடும். வெள்ளத்துக்குள் வண்டி அமிழ்ந்து நின்றுபோயிருந்தால் விஷயம் வேறு. தயவுசெய்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேண்டாம், தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை நசுக்கமுடியாது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, சாவி ஓஃப் நிலையில் மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். எயார் ஃபில்டர் பெட்டியையும் காபரேட்டரையும் வடித்துக் காயவைத்து, ஒயிலையும் மாற்றியபிறகுதான் ஸ்டார்ட். முதல் ஒயில் மலிவானதாக இருக்கலாம். சில நிமிடம் ஓடவிட்டு அதையும் வடித்து, பிறகு நல்லதை ஊற்றுங்கள். ஒருதடவை மாற்றினால் உள்ளே தங்கின தண்ணீர் முழுக்கப் போகாது.

இனி எந்த ஒயில் என்பது. போத்தலில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று தடிப்பு: 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 மாதிரி. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதற்கு. நம் ஊரில் தைப் பனியிலும் அந்த அளவு குளிர் வராது. பின்னால் இருக்கிற எண்தான் சூட்டில் காட்டுகிற தடிப்பு. 100 பாகையில் அளந்துதான் 30, 40, 50 என்று பிரிக்கிறார்கள். “இங்க வெக்கை கூட, தடிச்ச ஒயில்தான் சரி” என்று 10டபிள்யூ-30 கேட்கிற வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது வேண்டாம். எஞ்சினின் இடைவெளியும் பம்பும் எந்தத் தடிப்புக்குச் செய்யப்பட்டதோ அதுவே சரி. புத்தகத்தில் இருப்பதை ஊற்றுங்கள்.

மற்றது ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற அடையாளம். கியர் வண்டியில் கிளட்ச் தட்டுகள் இதே ஒயிலில்தான் ஊறிக்கிடக்கும். கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் தட்டை வழுக்கவைக்கும். எஞ்சின் கத்தும், வண்டி போகாது. லான்ட்மாஸ்டருக்கு வாங்கிவைத்த டீசல் ஒயிலை, கலனில் மிச்சம் கிடக்கிறது என்பதற்காக மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதும் வயல் பக்கம் நடக்கிறது. போத்தலில் எம்ஏ இல்லையென்றால் ஊற்றாதீர்கள். ஸ்கூட்டியின் கிளட்ச் ஒயிலுக்கு வெளியே உலர்ந்த நிலையில் வேலைசெய்வதால் அதற்கு ஜாசோ எம்பி அடையாளம் போட்ட ஒயில் வரும். ஸ்கூட்டிக்கு வாங்கிய எம்பியைக் கியர் வண்டிக்கு ஊற்றிவிடக்கூடாது.

மாற்றுகிற வேலைக்கு வருவோம். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கவேண்டும். சூட்டில் ஒயில் இளகி அழுக்கையும் கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க என்றால் கை வேகும், பக்கத்தில் சைலன்சரும் இருக்கிறது. மேல் மூடியைத் தளர்த்திவிட்டு, அடியில் பழைய பேசினை வையுங்கள். ஒயில் வடிக்கிற ட்ரெயின் நட்டுக்கு ரிங் ஸ்பானர் அல்லது சொக்கட். ஹொண்டா, ஹீரோ வண்டிகள் பலவற்றுக்கு 17ஆம் நம்பர். அட்ஜஸ்டபிள் ஸ்பானரைத் தொடவே வேண்டாம், நட்டின் மூலை மழுங்கிவிடும். கழற்றும் திசை இடஞ்சுழி, ஆனால் அடியிலிருந்து நட்டை நேருக்கு நேர் பார்த்து. மேலே நின்று குனிந்து பார்க்கிறவருக்கு இது தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே மரையை உடைப்பவர்கள் இதனால்தான் உடைக்கிறார்கள். சந்தேகம் என்றால் தரையில் படுத்துப் பாருங்கள்.

பத்து நிமிடம் வடியவிடுங்கள். வண்டியை இரண்டு பக்கமும் சற்றுச் சாய்த்து, சாவி ஓஃப் நிலையில் நாலைந்து தடவை மிதித்தால் தங்கினதும் வரும். பிறகு வடிந்த ஒயிலை அளவு போட்ட பழைய ஒயில் போத்தலில் ஊற்றி அளவுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ஒயில் மாற்றுவதில் ஆகப் பெரிய பயன் இதில்தான் இருக்கிறது. ஒரு லீற்றர் ஊற்றி 950 மில்லி வந்தால் எஞ்சின் சுகம். 650 வந்தால், நிறம் எப்படி இருந்தாலும், அடுத்த தடவை கிழமைக்கு இரண்டுமுறை மட்டம் பார்க்கவேண்டும்.

பல்சரில் மூன்று போல்ட் போட்ட சின்ன மூடிக்குள் கடதாசி ஃபில்டர் இருக்கிறது. கழற்ற முதல் ஃபோனில் ஒரு படம் எடுங்கள். ஃபில்டரைத் திருப்பிப் போட்டால் ஒயில் போகிற வழி அடைபடும். மூடியின் ஓ ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகியிருந்தால் புதுசு போடுங்கள். ஸ்பிளெண்டரில் இந்தக் கடதாசி ஃபில்டர் கிடையாது. உள்ளே வலையும் சுழல் ஃபில்டரும்தான், அவற்றைக் கழுவ வலப்பக்க மூடியைத் திறக்கவேண்டும். அந்த வேலையைக் கராஜில் விடுவதே நல்லது. சில ஸ்கூட்டிகளில் பெரிய மூடிக்குப் பின்னால் வலையும் ஸ்பிரிங்கும் இருக்கும். மூடி கடைசி மரையை விட்டதும் ஸ்பிரிங் துள்ளி மணலுக்குள் விழும், ஒரு கையால் அமத்திப் பிடியுங்கள்.

ட்ரெயின் நட்டுக்குப் புது வொஷர் போடுங்கள். இறுக்குவதில்தான் பொறுமை வேண்டும். நட் இரும்பு, அது ஏறுகிற உடம்பு அலுமினியம்; பலப்பரீட்சை வைத்தால் தோற்பது அலுமினியம். முதல் மூன்று நாலு சுற்று விரலால் ஏறவேண்டும். விரலுக்கு வராவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்துத் திரும்ப வையுங்கள். 12 மில்லிமீற்றர் ட்ரெயின் நட்டுக்கு ஹொண்டா வழக்கமாகச் சொல்வது 24 நியூட்டன் மீற்றர். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ஸ்பானர் இல்லாதவர்களுக்கு: 15 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 16 கிலோ பாரம். வொஷர் கடித்த பிறகு ஒரு சின்ன இழுவை, அவ்வளவே. ஸ்பானரில் பைப் போட்டு நீட்டுவதும் காலால் மிதிப்பதும் மரையைக் கொண்டுபோகும். மரை போனால் புது மரை வெட்டி உள்ளே சுருள் போடவேண்டும், அதற்கு லேத் கடை தேடி அலையவேண்டும்.

ஊற்றும்போது முழுப் போத்தலையும் கவிழ்க்கவேண்டாம். ஒரு லீற்றர் வண்டிக்கு 900 மில்லி ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் முறுக்காமல் ஓடவிடுங்கள். நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, மட்டம் பார்த்து மிச்சத்தைச் சேர்க்கவேண்டும். மினரல் ஒயில் என்றால் 2500 முதல் 3000 கிலோமீற்றரில் அடுத்தது; தூசிப் பாதையும் வெள்ளமும் கூடினால் இன்னும் முந்தி. கிலோமீற்றரை ஒரு துண்டில் எழுதி சீற்றுக்கு அடியில் ஒட்டுங்கள். இரவு அடியில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்துவையுங்கள். விடிய ஒரு துளி இருந்தாலும் தெரிந்துவிடும்.

பழைய ஒயிலைப் பற்றி இரக்கமாகக் கேட்கிறேன். வேலிக் கட்டைக்குக் கறையான் மருந்தாகப் பூசுவதும், வளவு மூலையில் குழிதோண்டி ஊற்றுவதும் நம்மிடையே சாதாரணம். கரையோரம் முழுக்க மணல், தண்ணீர் ஒரு ஆள் உயரத்தில் கிடக்கிறது. மேலே ஊற்றினது மழையோடு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கே போகும். வாவியில் போனால் இறாலுக்கும் நண்டுக்கும் கேடு. மூடியுள்ள போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்த்துக் குடுக்கிற கராஜில் கொடுங்கள், பெரும்பாலும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். புது ஒயில் வந்த வெற்றுப் போத்தலின் அடியை வெட்டிவிட்டுத்தான் எறியவேண்டும், இல்லையென்றால் அதில் வேறெதையாவது நிரப்பி விற்பார்கள். கையில் பட்ட ஒயிலை மண்ணெண்ணெயால் கழுவவேண்டாம், சவர்க்காரமும் கொஞ்சம் மரத்தூளும் போதும்.